எந்த வீட்டு ஈயம்

மார்ச் 3

பட்டாணியின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியும் அது மட்டும் மாறவில்லை. நாம் கத்தினால் பட்டாணி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எதுவானாலும் எழுதியே சொல்லுங்கள்.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு மாதமாக வயிற்றுவலி, முகமெல்லாம் வெளுப்பு, சாப்பிடச் சொன்னால் அழுகை என்று இருந்தது உங்களுக்கும் தெரியும். குடற்புழு மருந்து கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்தான் டாக்டரம்மா ரத்தம் எடுத்தார்.

"ரத்தத்துல ஈயம் இருக்கும்மா" என்றார்.

"பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதுவா?" என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

"அது வெள்ளீயம். இது காரீயம். விஷம். அஞ்சைத் தாண்டினாலே எங்கிருந்து வருதுன்னு தேடச் சொல்வோம். உங்க பாப்பாவுக்கு இருபத்து மூணு."

அடுத்து அவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் யாராவது பெயின்ட் வேலை, பேட்டரி வேலை செய்கிறார்களா என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் என் அண்ணன் முந்திக்கொண்டார். "அப்பாக்காரன் பேட்டரிப் பட்டறைலதான் இருக்கான். சனி ஞாயிறு பிள்ளை அங்கதான் போகுது." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

இது மூளைக்குள் போகுமாம். நாலரை வயது, மூளை வளர்கிற வயது. உள்ளே போனது என்ன செய்யும் என்று இப்போதே சொல்ல முடியாதாம். இந்த அளவுக்கு மருந்தும் கிடையாதாம். வருவதை நிறுத்துவது ஒன்றுதான் வழியாம்.

ஆகவே நிறுத்துகிறேன். இனி அவள் உங்கள் வீட்டுக்கு வர மாட்டாள். பள்ளி வாசலிலும் வந்து நிற்காதீர்கள். உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பதே போதும் என்கிறார்கள்.

— பட்டாணியின் அம்மா


மார்ச் 8

பட்டாணியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் பிரித்தேன். படித்து முடித்ததும் கையைப் பார்த்தேன். பதினோரு வருடமாகப் பார்க்கிற கைதான். நகக்கண்ணில் கறுப்பு. அந்தக் கையால் அவளுக்குத் தலை வாரியிருக்கிறேன், ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருக்கிறேன்.

உன் அண்ணன் சொல்லாமல் விட்டது ஒன்று. நான் ஈயம் உருக்குவதில்லை. முனை மாற்றி, அமிலம் ஊற்றி, சார்ஜ் ஏற்றுவது மட்டும்தான். வீட்டுக்குக் கிளம்பும் முன் அங்கேயே குளிக்கிறேன். சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இதெல்லாம் சாக்கு என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். எனக்கே இப்போது என்மேல் நம்பிக்கை இல்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். இப்போது மறைத்தால் நான் மனிதனே இல்லை. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார், அவளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. பத்து நிமிடம். மேசைமேல் உட்கார வைத்தேன். எதையும் தொடாதே என்று சொன்னேன். தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு பிஸ்கட் சாப்பிட்டாள். கை கழுவினாளா என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை.

பத்து நிமிடத்தில் இருபத்து மூன்று வருமா? டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறாயா?

வீட்டில் தரைவிரிப்பைத் தூக்கிப்போட்டேன். சோபாத் துணியையும். சுவரை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். அவள் பொம்மைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். நாளை என் ரத்தத்தையும் கொடுக்கப்போகிறேன்.

வாசலில் வந்து நிற்க மாட்டேன். அவள் கேட்டால் அப்பாவுக்கு ஜுரம் என்று சொல்.

— பட்டாணியின் அப்பா


மார்ச் 14

பட்டாணியின் அப்பாவுக்கு,

பத்து நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன், பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே.

பத்து நிமிடத்தில் வராது என்று டாக்டரம்மா சொல்கிறார். ஆனால் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் வருமாம். கேட்டீர்களே, சொல்லிவிட்டேன்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நேற்று கத்தரிக்கோலைக் காட்டி "அந்த... அது... வெட்டுறது" என்றாள். போன வருடம் அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். நான் என்ன செய்வேன்? குழந்தைகள் மறப்பதில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுக்களைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இப்போதெல்லாம் அவள் பேசும்போது எனக்குக் கதை காதில் விழுவதில்லை. எந்தச் சொல்லில் தடுக்குகிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்குத் தினம் சமைக்கிறவள் நான். அரிசியை நான்கு தண்ணீரில் கழுவுகிறேன். காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கிறேன். பாக்கெட் தின்பண்டம் வாசல்படி ஏறுவதில்லை. ரத்தசோகை இருக்கிறது, பாலும் கீரையும் நிறையக் கொடுங்கள், கால்சியம் சேர்ந்தால் ஈயம் குறைவாக ஒட்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு வேளை மஞ்சள்தூள் போட்டுக் கொடுத்த பாலை இப்போது மூன்று வேளையாக்கிவிட்டேன். மஞ்சள் கெட்டதை முறிக்கும். பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்புகிறாள். மூக்கைப் பிடித்தாவது குடிக்க வைக்கிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து வந்ததை என் வீட்டில் கழுவிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

— பட்டாணியின் அம்மா


மார்ச் 30

பட்டாணியின் அம்மாவுக்கு,

என் முடிவு வந்துவிட்டது. பத்தொன்பது.

எனக்குப் பார்த்த டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேட்டரி தூக்குற உங்களுக்குப் பத்தொம்பது. பார்க்க மட்டும் வர்ற பிள்ளைக்கு இருபத்து மூணா?" என்றார். உடனே, "சின்னப் பிள்ளைங்க உடம்பு நம்மளைவிட அதிகமா இழுத்துக்கும். அதனால இதை வச்சு நான் ஒண்ணும் முடிவா சொல்ல மாட்டேன். ஆனா வேற இடத்துலயும் தேடுங்க" என்றார்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்பாய். சத்தியமாக இல்லை. என்னால்தான் என்றால் ஒரு வகையில் எனக்கு நிம்மதி, தெரியுமா? நான் விலகிவிட்டேன், அத்தோடு முடிந்தது என்று இருக்கலாம். என்னால் இல்லை என்றால் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அவளோடு, அந்த வீட்டில். அதுதான் பயம்.

குழாய்த் தண்ணீரைப் பார்க்கச் சொல். சுவர் பெயின்டைப் பார்க்கச் சொல். நகராட்சி சுகாதாரப் பிரிவில் இதற்கென்று ஆள் இருக்கிறார்களாம், கேட்டால் வீட்டுக்கே வருவார்களாம்.

பட்டறையை விட்டுவிட்டேன். இப்போது ரொட்டிக் கம்பெனி வேனில் ஏற்றி இறக்குகிற வேலை. வேன் உங்கள் தெரு முனை வழியாகத்தான் போகிறது. செவ்வாய்க்கிழமை அவளைப் பார்த்தேன். நீ கையைப் பிடித்துக் கூட்டிப்போனாய். நிறுத்தச் சொல்லவில்லை, இறங்கவில்லை. மெலிந்திருக்கிறாள்.

— பட்டாணியின் அப்பா


ஏப்ரல் 6

பட்டாணியின் அப்பாவுக்கு,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

வியாழக்கிழமை மறுபடி ரத்தம் பார்த்தார்கள். முப்பத்தொன்று. உங்கள் வீட்டுப் பக்கமே போகாமல் ஒரு மாதம் இருந்த பிறகு, முப்பத்தொன்று.

நேற்று சுகாதாரப் பிரிவிலிருந்து ஆய்வாளரம்மா வந்தார். முடி உலர்த்துகிற கருவி மாதிரி ஒன்று கையில். எதன்மேல் வைத்து அழுத்தினாலும் எண் காட்டுகிறது. சுவர், சன்னல் கட்டை, குழாய், பொம்மை, கட்டில் கால் எல்லாவற்றிலும் வைத்தார். ஒன்றும் இல்லை. பாத்திரங்களிலும் ஒன்றும் இல்லை. என் வீடு சுத்தம் என்று மனதுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. "சமையல் அலமாரியைத் திறங்க" என்றார். உப்பு, அரிசி, மாவு, மிளகு. கடைசியில் மஞ்சள்தூள் டப்பா. வைத்தார். எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"மார்க்கெட்ல. மூட்டைல வச்சு அள்ளிக் குடுப்பாங்களே, அந்தக் கடைல. என்னம்மா?"

"பாப்பாவுக்கு இதைக் குடுக்கறீங்களா?"

"பால்ல போட்டு."

"தினமுமா?"

மூன்று விரலைக் காட்டினேன்.

பழைய சரக்கு மங்கிப்போனால் பளிச்சென்று தெரிவதற்கு ஒரு சாயம் சேர்ப்பார்களாம். பெயின்டில் போடுகிற மஞ்சள் சாயம். அதில் ஈயம். அந்தக் கடையில் இரண்டு மூட்டை இருந்தது. பளிச்சென்று இருந்ததைக் கைகாட்டி வாங்கியவள் நான்தான். மூக்கைப் பிடித்து ஊற்றியவளும் நான்தான். உங்களை வாசலில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன்.

இதற்காகக் கிழிக்கச் சொல்லவில்லை. ஆய்வாளரம்மா டப்பாவைப் பையில் போட்டு முத்திரை வைத்த பிறகு கேட்டார்: "வேற எங்கயாவது இந்தத் தூளைப் பயன்படுத்தறீங்களா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

காப்பகத்துக்கும் நான்தான் வாங்குகிறேன். அதே கடை, அதே மூட்டை. ஆகஸ்டிலிருந்து. எட்டு மாதம். சூப்பில், சாதத்தில், வேகவைத்த காயில். முப்பத்தெட்டுக் குழந்தைகள். நிறம் நன்றாக இருந்தால் சாப்பிடுவார்கள் என்று ஒரு கரண்டி கூடவே போடுவேன்.

இன்று காலை சீக்கிரமே போய் அந்த டப்பாவை எடுத்துக் கொட்டிவிட்டேன். இனி அது அங்கே இல்லை. இனி யாருக்கும் போகாது. அது போதாதா? போதும் என்று சொல்லுங்கள். மதியம் பரிமாறும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் வெளுத்திருப்பது போலத் தெரிந்தது. இரட்டையரில் சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சன்னல் ஓரத்தில் ஒரு பையன் இருப்பான், எல்லாரும் 'மௌனசாமி' என்று கூப்பிடுவோம். போன வருடம் ஓயாமல் பேசியவன்தான் அவன். எனக்கு இன்றைக்குத்தான் அது உறைத்தது.

சொன்னால் என்னைக் கிழித்துப்போடுவார்கள். ஜெயிலா என்றுகூடத் தெரியவில்லை. பட்டாணியை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதை என் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

— நான்


ஏப்ரல் 8

பட்டாணியின் அம்மாவுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் இல்லை என்று படித்ததும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். முப்பத்தொன்று என்ற எண்ணுக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்பட்டேன். அதற்காகச் செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

நீ தெரிந்து கொடுக்கவில்லை. நானாக இருந்தாலும் பளிச்சென்று இருக்கிற மூட்டையைத்தான் காட்டியிருப்பேன். அதில் உன்மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை.

ஆனால் அந்த "இல்லை" இருக்கிறதே, அதை அப்படியே விட முடியாது. டப்பாவைக் கொட்டியது போதுமா என்று கேட்கிறாய். போதாது. அந்தக் கடையில் மூட்டை இன்னும் திறந்துதான் இருக்கும், அள்ளிக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பான். அந்த முப்பத்தெட்டில் யாராவது ஒரு பிள்ளைக்கு நம்முடையதைவிட அதிகம் இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டியிருக்கலாம். தெரியாமல் குடற்புழு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். "மந்தம், வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை" என்று யாரோ ஓர் அம்மாவை யாரோ திட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். என் கையை நானே வெட்டிப்போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவருக்கு அது வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் நீ ஆய்வாளரம்மாவிடம் சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன். மிரட்டுவதாக நினைக்காதே. நீ எனக்கு எழுதியதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீயே கேட்டு வாங்கிக்கொள்.

நீ போகும்போது கூட வரவேண்டும் என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால், எதிர்ப்பக்கம் வேனில் இருப்பேன்.

— பட்டாணியின் அப்பா


ஏப்ரல் 21

பட்டாணியின் அப்பாவுக்கு,

வியாழக்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டேன். "ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்று ஆய்வாளரம்மா ஒரே ஒரு முறை கேட்டார். "பயம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை காப்பகக் கூடத்தில் பெற்றோர்களைக் கூட்டினார்கள். குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. பெரியவர்கள் எல்லாரும் முழங்கால் முட்ட அதில் உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பாளர் பேச ஆரம்பித்தார், சுற்றி வளைத்தார். நானே எழுந்து நின்றேன். "தூளை வாங்கினது நான். சமைச்சதும் நான். ஆய்வாளரம்மா கேட்டப்போ பொய் சொன்னதும் நான்தான்" என்றேன்.

இரட்டையரின் அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "நல்லா சாப்பிடறாங்கன்னு சொல்வீங்களே... நானும் உங்ககிட்ட கேட்டு, வீட்டுலயும் அதையே வாங்கி வச்சேனே" என்றாள். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

முப்பத்தெட்டுப் பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பதினாலு பேருக்கு அதிகம். மௌனசாமிக்கு நாற்பத்தொன்பது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுக்கிறார்கள். வீட்டில் அவன் அம்மாவும் அதே கடைத் தூள்தான். அவனுக்குக் காது கேட்கவில்லையோ என்று ஆறு மாதமாகக் காது டாக்டரிடம் அலைந்திருக்கிறாள்.

கடையைப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கடைக்காரனுக்கும் தெரியாது என்கிறான். அவனுக்கு விற்றவனைத் தேடுகிறார்கள். அது எத்தனை கடைக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். விசாரணை நடக்கும். நான் தெரிந்து செய்யவில்லை என்று ஆய்வாளரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். பொய் சொன்னதையும் எழுதியிருக்கிறார். இரண்டும் உண்மைதான்.

அன்று வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் வேனைப் பார்த்தேன். நன்றி.

சனிக்கிழமை பட்டாணி உங்களிடம் வருவாள். அப்பாவின் ஜுரம் போய்விட்டதா என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை நான் உங்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்ததற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதத் தெரிந்ததும் எழுதுகிறேன்.

— பட்டாணியின் அம்மா


ஜூன் 16

பட்டாணியின் அம்மாவுக்கு,

பதினெட்டு என்று அவள் பையில் நீ வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். தெரு என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். மூன்று மாதத்துக்கு முன் இதே பதினெட்டைக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். முப்பத்தொன்றிலிருந்து இன்னும் பாதிகூட இறங்கவில்லை. எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருமாம். என் டாக்டர் சொன்னார்.

சனிக்கிழமை அவளோடு படக்கதைப் புத்தகம் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கியைக் காட்டி இது என்ன என்றேன். யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் "கழுத்து மாமா" என்றாள். தெரியாமல் சொன்னாளா, வேடிக்கைக்குச் சொன்னாளா? இதை யாரிடம் கேட்பது? இனி எப்போதும் நாம் இப்படித்தான் இருப்போம் போல. பரீட்சையில் குறைந்தாலும், கோபம் வந்தாலும், சாவியைத் தொலைத்தாலும், அதனாலா என்று ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கும். நீயும் அப்படித்தானே?

விசாரணை என்ன ஆயிற்று? எழுது. வாங்குகிற எதையும் இப்போது நம்பத் தோன்றுவதில்லை. ரொட்டி வேனில் வேலை செய்துகொண்டு ரொட்டியைச் சந்தேகமாகப் பார்க்கிறேன்.

— பட்டாணியின் அப்பா


ஜூன் 24

பட்டாணியின் அப்பாவுக்கு,

நானும் அப்படித்தான். அது என்னுடைய வியாதி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை முடிந்தது. வேலை போய்விட்டது. வழக்கு இல்லை. எனக்கு விற்ற கடைக்காரனுக்கு மேலே இருந்தவனைப் பிடித்திருக்கிறார்கள். சாயம் கலந்த கொட்டகையில் இன்னும் பதினெட்டு மூட்டை இருந்ததாம். அதைக் கேட்டுச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வெளியே போன மூட்டைகளைத்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாணி உங்களிடம் இருந்தபோது கதவு தட்டினார்கள். திறந்தால் மௌனசாமியும் அவன் அம்மாவும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறதாம். கூட்டத்தன்று ஒரு வார்த்தைகூடப் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். இன்றைக்குப் பேசத்தான் வந்திருக்கிறாள், பேசட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள வரலாமா?" என்றாள்.

வந்தார்கள். நாற்காலியில் உட்காரவில்லை. நேராக அடுக்களை வாசலில் போய் நின்றாள். காலியாகக் கிடந்த அலமாரியைப் பார்த்தாள்.

"நீங்க இப்ப என்ன குடுக்கறீங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உங்க பொண்ணுக்கு. சாப்பிட என்ன குடுக்கறீங்க? எனக்கு எதைத் தொட்டாலும் பயமா இருக்கு. அரிசியைப் பார்த்தா பயம். தண்ணியைப் பார்த்தா பயம். அஞ்சு நாளா ஆஸ்பத்திரில குடுத்த கஞ்சி பாக்கெட்டைத்தான் கரைச்சு ஊத்தறேன். இன்னைக்கு அது தீர்ந்துபோச்சு. என் மாமியார், வீட்டுக்காரர், எல்லாரும் சும்மா சமைன்னு சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்."

என்னைத் தேடி வந்திருக்கிறாள். என் கையால் கெட்ட பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று என்னிடமே கேட்க.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்புறம். பசிக்குது அவனுக்கு" என்றாள்.

முட்டை இருந்தது. தோலோடு இருக்கிற ஒன்று, யாரும் உள்ளே எதையும் கலக்க முடியாது என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதே, கோழி என்ன தின்றதோ என்று எனக்குத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தோன்றியிருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை. ஆய்வாளரம்மா சோதித்துப் பார்த்த பாத்திரத்தை எடுத்தேன். அவள் ஒரு முறை கழுவினாள், நான் ஒரு முறை கழுவினேன். தண்ணீர் கொதிக்கும்வரை இருவரும் அடுப்பருகே நின்றோம். அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை, நானும் நகரவில்லை.

உரித்து, நறுக்கி, உப்புக்கூடப் போடாமல் தட்டில் வைத்தேன். பையன் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தான். அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்தான். நானும் ஆட்டினேன்.

அவன் சாப்பிட்டான். நாங்கள் இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

— பட்டாணியின் அம்மா